திவான் சேஷையா சாஸ்திரியார்

தஞ்சைத் தரணியில் 1828இல் தோன்றியவர் அ. சேஷையா சாஸ்திரியார். சென்னையில் பவுல் துரையிடம் கல்வி கற்று, ஆங்கில அரசின் பணியில் உயர்ந்து, 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரின் திவானாக விளங்கினார். அவ்வளவு பெரிய நாட்டை ஆண்ட கை, 1878இல் நம் சிறிய புதுக்கோட்டையின் பொறுப்பை ஏற்றது. அந்நாளில் இங்கு அப்பதவிக்குச் சிர்கேல் என்பது பெயர். திவான் என்னும் பெயர் இவர் காலத்தில் வந்ததே.

இராமச்சந்திரத் தொண்டைமான் இசைப்புலமை வாய்ந்த மன்னர். ஆயின் கடன் மிக்கவர். கடனைக் காரணமாக்கி ஆங்கில அரசு பலமுறை எச்சரித்திருந்தது. புதுக்கோட்டை கப்பம் கட்டாத சமஸ்தானந்தான். எனினும், திருச்சிராப்பள்ளிக் கலெக்டரே அரசியல் முகவராக இருந்து யாவற்றையும் கண்காணித்தார். சீர்திருத்தம் செய்யாவிடில் ஆட்சியே கைமாறலாம் என்னும் அச்சத்தினிடையேதான் சாஸ்திரியார் பணி தொடங்கிற்று.

முதலில் அவர் கை வைத்தது அமானி முறையில். விளைச்சலை அரசும் குடியானவனும் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது. கதிர் முற்றினாலும் அதிகாரி வந்து பார்க்கும்வரை அறுக்க இயலாது. நெல் உதிரும், களவும் போகும். இதனை ஒழித்துப் பணத்தீர்வையை நிறுவினார். 1888இல் இனாம் நிலங்களுக்கும் ஒழுங்கு கண்டார். பல்லவன் குளத்தைத் தூர்வாரியதும், புதுக்குளத்தை அமைத்ததும் இவர் காலத்துப் பணிகளே. ஊரார் இன்றும் நன்றியுடன் நினைப்பது இவற்றைத்தான்.

1886இல் மன்னர் மறைய, பேரர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவராய்ப் பட்டமேற்றார். சாஸ்திரியார் ஆட்சிப் பொறுப்பாளரானார். மறு ஆண்டே உப்புச் சிக்கல் எழுந்தது. உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சுவது இங்கு நெடுநாளையத் தொழில். அது தன் உப்பு வருவாய்க்கு ஊறு என்று கருதிய ஆங்கில அரசு, அதனை நிறுத்தச் செய்து, ஆண்டுக்கு 38,000 ரூபாய் ஈடாக அளிக்க ஒப்பியது. திவான் இசைந்தார். மறுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அக்காலச் சூழலை அறிந்தோர் உணர்வர். ஆனால் ஈட்டுத்தொகை சமஸ்தானத்துக்கே உரியது. உப்புக் காய்ச்சிப் பிழைத்தோர்க்கன்று. அவர் வரலாற்றைப் புகழ்ந்தெழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

1894இல் இளமன்னரிடம் ஆட்சியை ஒப்படைத்து விலகினார். கும்பகோணத்தில் ஓய்வில் வாழ்ந்து 1903இல் மறைந்தார்.