அடையாறு ஆற்றில் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிய வியாபாரி: ஆற்காடு நவாப் காலத்தில் வாழ்ந்தவர்

ஆற்காடு,

சென்னை சைதாப்பேட்டையில் அடையாறு ஆற்றின் குறுக்கே உள்ள மறைமலை அடிகள் பாலத்தில் பஸ்சில் போய் வந்தவர்கள் நம்ம ஊரில் நிறைய பேர் உண்டு. அந்த இடத்தில் முதலில் பாலம் கட்டியது அரசாங்கம் அல்ல. ஆற்காட்டை நவாப் ஆண்ட காலத்தில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற வியாபாரி தன் கைக்காசை போட்டு கட்டியது.

உஸ்கான் ஆர்மீனியர். ஈரான் நாட்டு ஜுல்பாவில் இருந்து வியாபாரத்துக்காக 1720-களில் சென்னைக்கு வந்தார். பரங்கிமலை மாதா கோவிலுக்கு போகும் பக்தர்கள் வழியில் அடையாறு ஆற்றில் இறங்கித்தான் கடக்கணும். வெள்ளம் வந்தால் அவ்வளவுதான், கரையிலேயே நிற்க வேண்டியதுதான். 1726-ல் 30 ஆயிரம் வராகன் செலவழித்து வளைவு வளைவாக பாலம் எழுப்பினார். மலை மேல் ஏற படிக்கட்டும் கட்டிக்கொடுத்தார். மாம்பலம் பெயர் வெள்ளைக்காரர் வாயில் திரிந்து அது மர்மலாங் பாலம் ஆனது. கட்டியவர் பெயரை யாரும் வைக்கவில்லை.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை பிடித்தார்கள். அவர்களை விரட்ட ஆற்காடு நவாப் அன்வாருதீன், மகன் மக்பூஸ்கானை பெரும் படையோடு அனுப்பினார். அதே அடையாறு கரையில், ஆயிரம் பேர் அளவே இருந்த பிரெஞ்சு படையிடம் ஆற்காட்டு படை தோற்று ஓடியது.

உஸ்கானை புதுச்சேரிக்கு வந்து குடியேறும்படி பிரெஞ்சுக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவர் மசியவில்லை. சொத்துகளை பறித்துக்கொண்டார்கள். டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு போய் தங்கினார். 1749-ல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், கோட்டைக்குள் ஆர்மீனியர்கள் குடியிருக்க தடை போட்டார்கள். உஸ்கானுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். எல்லாவற்றையும் இழந்தும் கட்சி மாறாத மனுஷனுக்கு அதுகூட செய்யாவிட்டால் எப்படி?

1751 ஜனவரியில் உஸ்கான் இறந்தார். உடலை வேப்பேரியில் புதைத்தார்கள். இதயத்தை மட்டும் தங்கப் பெட்டியில் வைத்து ஜுல்பாவுக்கு கொண்டுபோய் பெற்றோர் கல்லறையில் வைத்தார்களாம். பாலத்தையும் படிக்கட்டையும் பழுது பார்க்க 1,500 வராகனை தனியாக எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்.

பழைய பாலம் 1960-களில் இடிக்கப்பட்டு கான்கிரீட் பாலம் வந்தது. தமிழறிஞர் மறைமலை அடிகள் பெயரை வைத்தார்கள். உஸ்கான் பதித்த கல்வெட்டை மட்டும் இடிக்காமல் சைதாப்பேட்டை பக்கம் நட்டு வைத்தார்கள். அதில் அவருடைய ஆர்மீனிய மொழியும், லத்தீனும், அன்றைக்கு ஆற்காடு தர்பாரில் ஓடிய பாரசீகமும் இருக்கின்றன.