ஓவியம் சோறு போடுமா? பாடிக் துணி விற்று கிராமம் அமைத்த கே.சி.எஸ். பணிக்கர்

ஈசிஆரில் மகாபலிபுரம் பக்கம் பைக்கில் போகிறவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் போர்டைப் பார்த்திருப்பார்கள். இது அரசு ஒதுக்கிய இடம் இல்லை. ஒரு ஓவிய வாத்தியாரும் அவருடைய மாணவர்களும் துணியில் பாடிக் போட்டு விற்ற காசில் வாங்கியது.

அந்த வாத்தியார் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோவையில் பிறந்த மலையாளி. சின்ன வயசிலிருந்தே படம் வரைந்தாலும், வீட்டுச் சூழல் அவரைத் தந்தித் துறை வேலைக்கும் இன்சூரன்ஸ் வேலைக்கும் தள்ளியது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 1936-ல், 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ராய் சௌத்ரி. மெரினா உழைப்பாளர் சிலையை வடித்தவர்.

1944-ல் பணிக்கர் 'முற்போக்கு ஓவியர் சங்கம்' தொடங்கினார். எம்.எஃப். ஹுசைன் இருந்த பம்பாய் குழுவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் அது வந்தது 1947-ல்!

1954-ல் ஐரோப்பா போய் வந்தார். அங்கே பார்த்த அரூப ஓவியத்தை அப்படியே காப்பியடிப்பதா என்பதுதான் அவரைக் குடைந்த கேள்வி. பதில் கிடைக்க வருடங்கள் ஆயின. 1963-ல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். கேன்வாஸ் முழுக்க எழுத்துகள், எண்கள், ஜாதகக் கட்டம் போன்ற கோடுகள். எழுத்து மலையாளம் மாதிரி இருக்கும், ஆனால் படித்தால் அர்த்தம் வராது. அங்கே எழுத்தும் படம்தான்.

இன்னொரு கவலையும் அவருக்கு இருந்தது. 1957-ல் முதல்வரானவர், படித்து முடித்த மாணவர்கள் பலர் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய் தூரிகையைக் கீழே வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சென்னையில் படம் வாங்க ஆள் ஏது? அவர் போட்ட கணக்கு சிம்பிள்: கொஞ்ச நேரம் கைவினை, அதில் சாப்பாடு, மீதி நேரம் ஓவியம், அதில் சமரசம் கிடையாது. பாடிக் துணிகள் நன்றாகவே விற்றன. அந்தப் பணத்தில் 1966-ல் கடலோரத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். இன்றைய ஈசிஆர் ரேட்டை நினைத்தால் தலை சுற்றும். அன்றைக்கு அது வெறும் மணல்காடு.

அடுத்த வருடம் ஓய்வு பெற்ற பணிக்கர், 1977 ஜனவரியில் 65 வயதில் காலமானார். மகன் நந்தகோபால் அதே கிராமத்தில் உலோகச் சிற்பியாகப் பெயர் எடுத்தார். பணிக்கரின் ஓவியங்களுக்கென்றே திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ஒரு கேலரி இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் வண்டியை நிறுத்தலாம். அங்கேயும் ஒரு மியூசியம் இருக்கிறது.