சொல்லுக்குச் சொல் தேடிய மருத்துவர் கிரீன்

நம் ஆத்தூர்ப் பக்கத்துப் பாட்டிமார் உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பினால் காணாக்கடி என்பார்கள். கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தால் மஞ்சக்காமாலை என்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலோ வேறு பெயர் எழுதப்பட்டிருக்கும். பாட்டி சொன்னதும் சீட்டில் உள்ளதும் ஒன்றுதானா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்ட பெரியார் ஒருவர் இருந்தார். அவரே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் கிரீன் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அவருடைய தமையனார் ஆண்ட்ரூ நியூயார்க் மாநகரை உருவாக்கியவர்களுள் ஒருவராகப் புகழ் பெற்றார். தம்பியோ கடல் கடந்து, 1847-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அவர் நம் திருச்சபையினர் அல்லர். ஆயினும் பிணியாளரைத் தேடிச் சென்ற அன்பில் அவர் நமக்கு அந்நியரும் அல்லர்.

மானிப்பாயில் தங்கி நோயாளிகளைக் கவனித்தார். 1848 முதல் இளைஞர் சிலருக்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. ஆனால் ஆங்கிலத்தில் தேர்ந்தவர்கள் அரசு உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றார்கள். கிராமத்து ஏழைகளுக்கு மருத்துவர் கிடைக்கவில்லை. தமிழில் படித்தவர் தமிழ் மக்களிடையே தங்குவார் என்று கிரீன் கருதினார். இதற்கென்றே முனைந்து தமிழ் கற்றார்.

தாயகம் சென்று 1862-இல் மனைவியாருடன் மீண்டும் வந்தார். 1864-இல் மருத்துவ வகுப்பு முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். உத்தியோகக் கதவைத் திறக்கும் ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் படிக்க இளைஞர்கள் தயங்கினார்கள். ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. அவரிடம் பயின்றவர்கள் 60 பேருக்கும் மேல்.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். அங்கேதான் பெரிய இடர் எழுந்தது. மருத்துவச் சொல் பிழைத்தால் மருந்து பிழைக்கும். மருந்து பிழைத்தால் உயிர் போகும். கிரீன் ஓர் ஒழுங்கை வகுத்துக் கொண்டார். முதலில் தமிழ் நூல்களிலும் மக்கள் வழக்கிலும் பொருத்தமான சொல் உண்டா என்று தேடுவது. இல்லையேல் வடமொழியை நாடுவது. அதுவும் உதவாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைப்பது. அவருடைய நூல்களின் பெயர்களிலேயே இதனைக் காணலாம். அறுவை மருத்துவ நூல் 'இரண வைத்தியம்' (1867). உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' (1872). வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' (1875). இவற்றோடு 'பிரசவ வைத்தியம்', 'வைத்தியாகரம்', 'மனுஷ சுகரணம்' முதலியனவும் சேர்ந்து 4000 பக்கங்களுக்கு மேல் வெளிவந்தன. சாப்மன், டான்வர்த், பால் முதலிய மாணவர்கள் இப்பணியில் அவருக்குத் துணை நின்றார்கள். மாணவர் தடுமாறாதிருக்க ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் எதிரெதிரே வைத்த சொற்றொகுதிகளும் அச்சாயின.

இது எளிய வேலை என்று எண்ணிவிடக் கூடாது. சித்த நூல்கள் வாத நோயை 80 வகையாகக் கூறும். அவற்றுள் மூட்டு வலியும் உண்டு. கை கால் விழுந்துபோவதும் உண்டு. ஆங்கில மருத்துவத்தில் இவை வெவ்வேறு நோய்கள். ஆகவே வாதம் என்பதற்கு ஒரே ஆங்கிலச் சொல்லை நேராக வைக்க முடியாது. காமாலை என்பதோ வெளியில் தெரியும் அடையாளம். கல்லீரல் அழற்சியாலும் வரலாம், பித்த நாளத்தில் கல் அடைத்தும் வரலாம். எச்சொல் எதற்கு முழுதும் பொருந்தும், எது ஒரு பகுதிக்கே பொருந்தும் என்று ஆராய்ந்த பின்னரே இரண்டையும் இணைக்க வேண்டும்.

கிரீன் 1873-இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தம் மாணவர்களோடு கடிதத் தொடர்பு கொண்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1884-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்ற பொருள்பட அவருடைய கல்லறைக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை.

அவருடைய கேள்வி மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்கெல்லாம் குறியீட்டு எண்கள் தந்து, உலகெங்கும் ஒரே கணக்கில் பதிய வழி செய்துள்ளது. அதன் 11-ஆவது பட்டியல் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டின் ஆயுஷ் அமைச்சகம் நமஸ்தே என்ற பெயரில் சித்த, ஆயுர்வேத, யுனானிச் சொற்களைத் தொகுத்துக் குறியீடு அளித்தது. 2024 சனவரி 10-ஆம் நாள் அம்மருத்துவ முறைகளின் நோய்ப் பெயர்கள் அடங்கிய பகுதி ஒன்று உலகப் பட்டியலுக்கெனப் புதுதில்லியில் வெளியிடப்பட்டது. சித்த மருத்துவர் எழுதும் நோய்ப் பெயரும் ஆங்கில மருத்துவர் எழுதும் பெயரும் கணிப்பொறியில் ஒன்றையொன்று அறிந்துகொள்ள வேண்டுமானால், எது எதற்கு ஈடு என்று யாரேனும் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். மானிப்பாயில் விளக்கொளியில் கிரீன் செய்ததும் இதுவே.

நம்முள் பலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் ஆகப் போகிறோம். வயலிலிருந்து நேரே வரும் ஒரு தாய் தன் நோயைத் தன் சொல்லில்தான் சொல்லுவாள். அச்சொல்லை எள்ளி நகையாடாமல், அவள் எதைக் குறிக்கிறாள் என்று கேட்டறிந்த பிறகே சீட்டில் எழுதுவோமாக. டாக்டர் கிரீனுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.