சந்தேகப்பட்டவரே குருவானார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேரி தீவுப் பக்கம் வந்தால், செம்பனை மரங்களுக்கு நடுவே டிரம்பெட் ஓசை கேட்கும். அது என் வகுப்புதான். இடைநிலைப்பள்ளி பேண்டு குழுவில் நான் கற்றுக்கொண்டதை இப்போது மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். முதலாம் படிவ மாணவன் முதல் செம்பனை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் வரை அங்கே ஒன்றாக உட்கார்ந்து ஊதுவார்கள்.

சென்ற ஆண்டு ஓர் அம்மா தம் 13 வயது மகனை அழைத்து வந்தார். பள்ளியில் அடிதடி செய்பவன் என்று பெயர் எடுத்த பையன். அவனைச் சேர்க்க வேண்டாம் என்று சில பெற்றோர் சொன்னார்கள். விலை உயர்ந்த வாத்தியத்தை உடைத்துவிடுவானோ என்று எனக்கும் பயம். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது, தூக்கம் வரவில்லை.

உலகமே கொண்டாடிய அந்த டிரம்பெட் கலைஞர் 1901 ஆகஸ்ட் 4ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மிக வறிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனார். சிறுவன் லூயி, கர்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் வண்டியில் பழைய சாமான் சேகரிக்கவும் நிலக்கரி விற்கவும் போவான். வாடிக்கையாளரைக் கூப்பிட ஒரு தகர ஊதுகுழலை ஊதுவான்.

1912ஆம் ஆண்டின் கடைசி இரவில், தெருவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காக அவன் கைது செய்யப்பட்டான். வயது 11தான். மறுநாளே சிறுவர் சீர்திருத்த இல்லத்திற்கு அனுப்பப்பட்டான்.

அங்கே பேண்டு குழுவை நடத்தியவர் பீட்டர் டேவிஸ். லூயி மோசமான வட்டாரத்துப் பையன் என்பதால், தொடக்கத்தில் அவருக்கு அவன்மேல் நம்பிக்கையே இல்லை. ஆனாலும் அவனைக் கவனித்து வந்தார். மனம் மாறியபோது முதலில் கையில் கொடுத்தது ஒரு கஞ்சிரா போன்ற டாம்பரின். பிறகு ஆல்ட்டோ ஹார்ன், அடுத்து பியூகிள், கடைசியாகத்தான் டிரம்பெட்டின் தம்பியான கார்னெட்.

இந்த வரிசையில் ஒரு பாடம் இருக்கிறது. நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்ந்து ஓசை எழுப்பும். பித்தளை வாத்தியங்களில் சீவாளி கிடையாது. ஊதுபவரின் உதடுகளே சீவாளி. பியூகிளில் விரலால் அழுத்தும் வால்வுகளும் இல்லை. உதட்டாலும் மூச்சாலும் மட்டுமே சுரத்தை மாற்ற வேண்டும். அதில் பழகியவனுக்கு மூன்று வால்வு கொண்ட கார்னெட் எளிதாகக் கைவரும்.

லூயி அந்தக் குழுவின் தலைவனானான். ஒருநாள் குழு அவன் வளர்ந்த தெரு வழியாகவே ஊதிக்கொண்டு போனது. ஏழை மக்கள் வாரி இறைத்த காசில் குழுவுக்குப் புதிய சீருடைகள் வாங்கப்பட்டன.

1914இல் வெளியே வந்தபின்னும் அவர் மாணவராகவே இருந்தார். கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் அவருக்கு வழிகாட்டினார். மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் வாசித்தபோது, டேவிட் ஜோன்ஸ் என்ற சக கலைஞர் இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றுத் தந்தார். மேடையேறிய பிறகுதான் எழுத்துப் பாடமே!

1922இல் ஆலிவர் அவரைச் சிகாகோவுக்கு அழைத்தார். 1925 முதல் தம் சொந்தக் குழுவுடன் செய்த ஒலிப்பதிவுகள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின. பல ஆண்டுகள் கடுமையாக ஊதியதில் உதடு புண்ணாகி, 1930களில் சில மாதங்கள் வாத்தியத்தைக் கீழே வைக்க நேர்ந்தது. மௌத்பீஸை உதட்டில் அழுத்தாதீர்கள் என்று என் மாணவர்களிடம் ஓயாமல் சொல்வதற்கு அதுவும் காரணம்.

ஆலிவர் பின்னாளில் வறுமையில் வாடினார். அவரைச் சந்தித்த ஆம்ஸ்ட்ராங், கையிலிருந்த பணத்தைக் கொடுத்து உதவினார். 1964இல், 62 வயதில், அவர் பாடிய பாடல் பீட்டில்ஸ் குழுவைப் பின்தள்ளி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1971 ஜூலை 6ஆம் தேதி அவர் மறைந்தார்.

பீட்டர் டேவிஸ் தம் முதல் சந்தேகத்திலேயே நின்றிருந்தால் இந்தக் கதை என்னவாகியிருக்கும்? விடிந்ததும் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

பையனிடம் முதலில் டிரம்பெட்டைக் கொடுக்கவில்லை. மௌத்பீஸை மட்டும் கொடுத்தேன். மூன்று வாரம் அதையே ஊதினான். ஒரு நாளும் தாமதமாக வரவில்லை. இன்று மூன்றாம் டிரம்பெட் வாசிக்கிறான். இன்னும் சில நேரம் கோபப்படுகிறான்தான். ஆனால், ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவருக்கு நோட்டு வாசிக்கச் சொல்லித் தருபவனும் அவனே.

மாணவர்களே, உங்கள் பெயர் கெட்டுப்போயிருக்கலாம். கற்கும் வயது தாண்டிவிட்டதாகவும் தோன்றலாம். கையில் கிடைப்பது டாம்பரினாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் நாள் போட்ட கணக்கை, அடுத்த வாரம் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.