சொந்த ராஜ்யத்தில் வேலை இல்லை!

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் மிகப் பழமையானது. குமரி மாவட்டத்தில் உள்ள இந்த ஊர், முன்பு திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1936 வரை ஈழவர்கள் இந்தக் கோவிலுக்குள் நுழைய முடியாது. நல்ல சர்க்கார் உத்தியோகமும் அவர்களுக்கு எட்டாக் கனிதான்.

டாக்டர் பல்பு ஓர் ஈழவர். 1863-ல் திருவனந்தபுரம் பேட்டையில் பிறந்தார்.

1884-ல் வைத்தியப் படிப்புக்குத் திருவிதாங்கூர் சர்க்கார் பரீட்சை வைத்தது. பல்பு நான்காவதாகத் தேறினார். ஆனால் இடம் கொடுக்கவில்லை. வயது அதிகம் என்று சாக்குச் சொன்னார்கள். உண்மையில் குறுக்கே நின்றது சாதி!

பல்பு சோர்ந்துவிடவில்லை. சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். ஊர் திரும்பி வேலை கேட்டார். இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அவருடைய அண்ணன் வேலாயுதன் பி.ஏ. பட்டம் பெற்றவர். அவருக்கும் இதே பதில்தான் கிடைத்திருந்தது. அண்ணன் சென்னை சர்க்காரில் சேர்ந்தார். தம்பி சென்னையில் சிறிது காலம் இருந்துவிட்டு மைசூருக்குப் போனார்.

மைசூர் சமஸ்தானம் அம்மைப்பால் தயாரிக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தது. 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியது. ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பல்பு நோயாளிகள் நடுவே நின்று வேலை பார்த்தார். திருவிதாங்கூர் வேண்டாம் என்று தள்ளிய டாக்டர் இவர்!

தமக்கு வேலை கிடைத்ததும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்திலும் உத்தியோகத்திலும் ஈழவருக்கு இடம் கேட்டு 1896-ல் மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டவர்கள் 13,176 பேர். மனுவுக்கு நல்ல பதில் வரவில்லை. 1903-ல் நாராயண குரு தலைமையில் சங்கம் அமைக்க முன்னின்றார்.

1936 நவம்பரில் கோவில் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. அப்போது பல்புவுக்கு வயது 73. 1950-ல் காலமானார்.