சர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் ஸ்டெர்லிங் கடனும்

நாட்டில் புழங்கும் பணத்தை நாட்டு வருமானத்தோடு ஒப்பிட்டு விகிதம் காணும் பாடத்தை நம் மாணவர்களில் பலர் பரீட்சைக்காகவே நெட்டுருச் செய்கிறோம். அந்த விகிதம் தாறுமாறானால் சோற்றுப்பானை என்ன ஆகும் என்று அறிய விரும்புவோர், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் சண்முகம் செட்டியாரின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

1892 அக்டோபர் 17ல் கோவையில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். டில்லி மத்திய சட்டசபையின் தலைவராக அமர்ந்தார்; 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக விளங்கினார். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதிய தமிழன்பரும் அவரே.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. பிரிட்டன் தன் படைகளுக்கு வேண்டிய துணி, தானியம், தளவாடம் அனைத்தையும் இந்தியாவில் வாங்கியது. விலையை ரூபாயாகவோ சரக்காகவோ தரவில்லை. லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைத்தது. அந்த ஸ்டெர்லிங்கை ஈடாகக் கொண்டு ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அடித்தது. 1939ல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், போர் முடிவில் 1,100 கோடியைத் தாண்டியது. வயலும் ஆலையும் ஆறு மடங்கு விளைத்தனவா? இல்லை. சரக்கோ போர்முனைக்குப் போயிற்று. மக்கள் கையில் காகிதம் நின்றது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

எங்கள் கொட்டாரம் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. சக்கரமும் பணமும் காசும் அங்கே தனி நாணயங்கள். ஆயினும் விலைவாசிக்கு எல்லைச் சாவடி ஏது? 1942ல் பர்மா அரிசி நின்றதும், நெற்களஞ்சியம் எனப்பட்ட நாஞ்சில் நாட்டைத் தன்னகத்தே கொண்டிருந்த சமஸ்தானமே அரிசிக்குத் திண்டாடியது. வங்காளத்திலோ 1943ல் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். கூலிக்காரனின் வாயைக் கட்டி வசூலித்த வரி என்றே அந்த நோட்டுகளைச் சொல்லத் தோன்றுகிறது.

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடின. இந்தியக் குழுவில் செட்டியாரும் சென்றார். லண்டனில் முடங்கிய ஸ்டெர்லிங்கில் ஒரு பகுதியையாவது புதிய சர்வதேச நிதியத்தின் மூலம் பிற நாணயமாக மாற்ற வழி வேண்டும் என்று குழு மன்றாடியது. அது இரு நாடுகளும் தமக்குள் பேசித் தீர்க்கவேண்டிய கணக்கு என்று பிரிட்டன் மறுத்தது, கோரிக்கை தோற்றது.

போர் முடிந்தபோது சுமார் 130 கோடி பவுன் நமக்கு வரவேண்டியிருந்தது. காங்கிரஸ்காரர் அல்லாத செட்டியாரை நேரு நிதியமைச்சராக்கினார். 1947 நவம்பர் 26ல் முதல் பட்ஜெட்டைப் படித்தார். செலவு 197 கோடி, வரவு 171 கோடி. மறு ஆண்டு லண்டன் சென்று பேரம் பேசினார். விட்டுச்சென்ற தளவாடங்களுக்காக 10 கோடி பவுன், பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்காக 16 கோடிக்கும் மேல் என்று நம் கணக்கிலேயே கழித்துக்கொண்டார்கள்! புதிதாக மூன்றாண்டுகளுக்கு விடுவித்தது 8 கோடி பவுன். குறைவுதான்; ஆனால் போரில் நொடித்த கடன்காரனிடம் வேறு எவர் போயிருந்தாலும் பெரிதாகப் பெற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வருமான வரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதைக் குறித்து எழுந்த சர்ச்சையில் 1948 ஆகஸ்டில் பதவி துறந்தார். 1953 மே 5ல் காலமானார். அப்போதும் ஸ்டெர்லிங் இருப்பு தீர்ந்திருக்கவில்லை. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரங்கள் வாங்கியபோதுதான் அதில் பெரும்பகுதி கரைந்தது.