டாக்டர் பாண்டிங்கின் சரித்திரம்

நம் வியாபாரிகளில் இனிப்பு நீர் வியாதி உள்ளவர்கள் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். மாத்திரைக்குச் சம்மதிக்கிறவர்கள்கூட ஊசி என்றதும் எழுந்து போய்விடுகிறார்கள். ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று சிலருக்குப் பயம். பன்றியிலிருந்து எடுத்ததாமே என்று சிலருக்குச் சந்தேகம். ஆகவே அந்த மருந்தைக் கண்டெடுத்தவரின் சரித்திரத்தை நம் சகோதரர்களுக்கு எழுதத் துணிந்தேன்.

பிரெடரிக் பாண்டிங் 1891ம் வருஷம் நவம்பர் 14ந் தேதி கனடா தேசத்தில் அலிஸ்டன் என்னும் ஊரருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. படிப்பில் சூரர் என்று சொல்ல முடியாது. டொராண்டோ சர்வகலாசாலையில் முதல் வருஷமே தவறினார். பிறகு வைத்தியப் படிப்புக்கு மாறி 1916ல் தேறி, நேரே யுத்தத்துக்குப் போனார். 1918ல் பிரான்ஸ் போர்முனையில் வலது கையில் காயம் பட்டது. வீரப் பதக்கமும் கிடைத்தது.

1920ல், கனடாவிலேயே லண்டன் என்று பெயருள்ள ஒரு நகரத்தில் வைத்தியசாலை திறந்தார். முதல் மாத வருமானம் 4 டாலர்! கடை திறந்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தத் துக்கம் விளங்கும். வயிற்றுப்பாட்டுக்காக அங்குள்ள வைத்தியக் கல்லூரியில் பாடம் சொல்லப் போனார். அக்டோபர் மாதக் கடைசியில் ஓரிரவு, மறுநாள் பாடத்துக்காகக் கணையத்தைப் பற்றி ஒரு கட்டுரையைப் படித்தவருக்குத் தூக்கம் வரவில்லை. கணையத்திலிருந்து ஜீரண நீர் செல்லும் குழாயைக் கட்டிவிட்டால், சர்க்கரையை அடக்கும் சத்தை மட்டும் தனியே எடுக்கலாமே என்று யோசனை தோன்றிற்று. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதி வைத்தார்.

அந்நாளில் இந்நோய்க்கு இருந்த பெரிய வைத்தியம் பட்டினிதான். அமெரிக்காவில் ஆலன் என்ற டாக்டர் சோறும் ரொட்டியும் ஏறக்குறைய நிறுத்தி, உயிர் தரிக்கும் அளவுக்கு மட்டும் உணவு கொடுத்தார். அதனால் குழந்தைகள் சில மாதமோ சில வருஷமோ கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனால் எலும்பும் தோலுமாக வாழ்ந்தார்கள்.

1921 மே மாதம், டொராண்டோவில் மக்லியாட் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிச் சாலையில் பாண்டிங் வேலை தொடங்கினார். துணைக்கு பெஸ்ட் என்ற 22 வயது மாணவர். நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். கைப்பணம் தீர்ந்தபோது பாண்டிங் தம் மோட்டார் வண்டியை விற்றார். நாய்களின் கணையம் போதாமல், மாடறுக்கும் இடத்திலிருந்து மாட்டுக் கணையம் வாங்கி வந்தார்கள். காலிப் என்ற ரசாயன நிபுணர் அந்தச் சத்தைச் சுத்தம் செய்தார்.

இங்கே நம்மவர்களின் சந்தேகத்துக்கு வருகிறேன். அக்காலத்து மருந்து மாட்டிலிருந்து வந்தது. பின்னாளில் பன்றியிலிருந்தும் எடுத்தார்கள். ஆகையால் சந்தேகம் ஆதாரமற்றதல்ல. ஆனால் 1978ல் மனித உடலில் ஊறும் இன்சுலினையே நுண்கிருமிகளைக் கொண்டு உண்டாக்கிவிட்டார்கள். 1982ல் அது விற்பனைக்கு வந்தது. இன்று டாக்டர்கள் கொடுப்பது பெரும்பாலும் இவ்வகைதான். நானறிந்த ஒரு பெரியவர் யாரிடமும் கேட்காமலே இரண்டு வருஷம் ஊசியை மறுத்தார். கால் விரலை எடுத்த பிறகுதான் கேட்டார்.

1922 ஜனவரி 11ந் தேதி, லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். பையனின் எடை 65 ராத்தல். மருந்தில் அழுக்கிருந்ததால் ஊசி போட்ட இடத்தில் சீழ் வைத்தது. பன்னிரண்டு நாள் கழித்து, காலிப் சுத்தம் செய்த மருந்தைப் போட்டதும் சர்க்கரை இறங்கிற்று. பையன் மேலும் 13 வருஷம் வாழ்ந்தான். அதே வருஷம் எலிஸபெத் என்ற சிறுமி, அமெரிக்க மந்திரி ஹியூஸின் மகள், 45 ராத்தல் எடையோடு பாண்டிங்கிடம் வந்தாள். அவள் கலியாணம் செய்து, பிள்ளை பெற்று, 1981 வரை இருந்தாள்.

அந்தப் பிள்ளைகளின் நோய் வேறு. நடுவயதில் நமக்கு வருவது வேறு. அவர்களுக்கு இன்சுலின் ஊறவே ஊறாது. நமக்கு ஊறும், உடம்பு அதற்குக் கட்டுப்படாது. சரக்கு லாரி வாசலில் வந்து நிற்கிறது, கிடங்குக் கதவு திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டின் பால் ஊற்றிய தே தாரேக் ஒரு நாளைக்கு ஐந்து குவளை, இரவு பத்து மணிக்குப் பரோட்டா, பகலெல்லாம் கல்லாவில் உட்காருதல்: கதவு இறுகாமல் என்ன செய்யும்? சோற்றைக் குறைத்து, எடையைக் குறைத்து, தினம் நடந்தால் கதவு சற்று இளகும். மெட்பார்மின் மாத்திரையும் அதற்கு உதவுகிறது. வருஷக்கணக்கில் கணையம் களைத்துப்போனால் ஊசி வேண்டியதாகிறது. அது நோயாளி செய்த குற்றத்துக்குத் தண்டனையல்ல. ரமலான் நோன்பு வைக்க நாடுகிறவர்கள் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாண்டிங் முன்கோபி. 1923ல் நோபல் பரிசு அவருக்கும் மக்லியாடுக்குமாக வந்தபோது, பெஸ்டை விட்டுவிட்டார்களே என்று கொதித்து, தம் பங்கில் பாதியை அவருக்குக் கொடுத்தார். மக்லியாடும் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். மருந்தின் உரிமையைப் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வியாபாரி என்ற முறையில் இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

1934ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பனி மூடிய கிராமங்களைப் படம் வரைந்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941 பிப்ரவரியில், இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அவருடைய விமானம் நியூபவுண்ட்லாந்து தீவில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 49. அவர் பிறந்த நவம்பர் 14ந் தேதியையே உலக நீரிழிவு தினமாக அனுசரிக்கிறார்கள்.